உறைந்த நீர்த்தேக்கத்தில் தூண்டில்: தங்கச்சிமடத்திலிருந்து என்ன கொண்டுபோவது?

கேள்வி: வடகடலில் தூண்டில் போட்டுப் பழகியவன் நான். ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். மலைமேல் உறைந்து கிடக்கும் கிரான்பி நீர்த்தேக்கத்தில், வழிகாட்டியோடு ஒரு நாள் மீன்பிடிக்க ஏற்பாடு செய்திருக்கிறான். என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: தூண்டில், நரம்பு, ஈயம் எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம். குட்டைத் தூண்டில்கோல், பனிக்கட்டியைத் துளைக்கும் கருவி, கூடாரம் எல்லாம் பெரும்பாலும் வழிகாட்டியே கொண்டுவருவார். 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் அங்கே மீன்பிடி உரிமம் வேண்டும்; அதை மகன் முன்கூட்டியே வாங்கட்டும்.

கவனம் முழுக்கத் துணியில் இருக்கட்டும். பருத்தி பனியன் கூடவே கூடாது. வேர்வையைக் குடித்துவிட்டு அது காயாது. பாம்பனில் வாடையில் நனைந்தாலும் கரைக்கு வந்து துணி மாற்றினால் சரியாகிவிடும். கிரான்பியில் காலைக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரிக்கு இறங்கும். உடம்போடு ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட்டும் பேண்டும். இவற்றை ராமநாதபுரத்தில் தேடி அலையாதீர்கள், அளவைச் சொல்லி அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். பூட்ஸ் தாராளமாக இருக்கட்டும். சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். நடக்கும்போது ஜிப்பைத் திறந்துவிட்டு, உட்கார்ந்ததும் மூடிக்கொள்ளுங்கள்.

அந்த இடம் சுமார் 2,500 மீட்டர் உயரம், ஊட்டியைவிட அதிகம். கடல்மட்டத்திலேயே வாழ்ந்த உடம்பு. இறங்கிய மறுநாளே போகாமல் இரண்டு மூன்று நாள் மகன் வீட்டில் ஓய்வெடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

பனிக்கட்டி தெளிவாக 10 சென்டிமீட்டர் கனம் இருந்தால் ஆள் நடக்கலாம். வெள்ளையாக இருப்பதற்குப் பாதி பலம்தான். கிரான்பித் தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியே மறுபக்கம் கொண்டுபோகிறார்கள். நீர்மட்டம் இறங்க இறங்கக் கரையோரக் கட்டி வெடித்து, அடியில் தாங்கலில்லாமல் நிற்கும். அதனால் கரையில் இறங்கும்போதும் ஏறும்போதும் வழிகாட்டி கால் வைத்த இடத்திலேயே வையுங்கள். கழுத்தில் மாட்டும் பனிக்குத்தி (கட்டியில் குத்திப் பிடித்து ஏற உதவும் கூர்முனைக் கைப்பிடி) இரண்டு கேட்டு வாங்குங்கள். தப்பித்தவறி உள்ளே விழுந்தால் வந்த பக்கமே திரும்பிக் குத்தி ஏற வேண்டும். அந்தக் கட்டிதான் உங்களைத் தாங்கிய கட்டி.

மீன் விஷயத்தில் உங்களுக்குக் கவலையே வேண்டாம். 4 டிகிரித் தண்ணீர்தான் கனமானது, அது அடியில் தங்கும். ஏரி டிரவுட் என்ற மீன் பெரும்பாலும் அந்த ஆழத்தில் திரியும். ஈயம் தரை தட்டியதும் ஒரு முழம் தூக்கி, மெல்ல ஆட்டி, நிறுத்துங்கள். பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் கடிக்கும். கைத்தூண்டிலில் பழகிய விரலுக்கு அது உடனே தெரியும்.

கூடாரத்துக்குள் கேஸ் ஹீட்டர் எரிந்தால் காற்றுப்போக்கி திறந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மூடிய கூடாரத்தில் மணமில்லாத விஷவாயு சேரும்; தலை வலித்தாலோ சுற்றினாலோ தூண்டிலை அப்படியே விட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.