முதுகோடு முதுகு

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாவது படிக்கிறான். உயரம் 159 செ.மீ. அவனைவிட இரண்டே மாதம் மூத்தவன் என் அக்கா மகன், 173. போன சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அக்கா குடும்பம் வந்திருந்தபோது இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்திப் பார்த்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா மகனுக்கு மீசை அரும்பி மகரக்கட்டும் உடைந்துவிட்டது. இவன் போனை எடுத்தால் இன்னும் ‘அம்மா இருக்காங்களா பாப்பா?’ என்றுதான் கேட்கிறார்கள். என் உயரம் 155, வீட்டுக்காரர் 168. அவரிடம் சொன்னால், ‘நானே காலேஜ் போன பிறகுதான் வளர்ந்தேன்’ என்று நழுவிவிடுகிறார். ஆனால் மகன் போலீஸ் ஆக வேண்டும் என்பதும் அவர் ஆசைதான். பள்ளி அட்டையில் 13 வயதில் 148, 14 வயதில் 153 என்று எழுதியிருக்கிறது. விளம்பரம் பார்த்து 2,400 ரூபாய்க்கு உயரம் கூட்டும் பவுடர் வாங்கினேன். காலை 5 மணிக்கு எழுப்பிக் கம்பியில் தொங்கவிடுகிறேன். அப்புறம் ட்யூஷன். இரவு படுக்க 11 ஆகிவிடுகிறது. இவன் எவ்வளவு உயரம் வருவான்?
(பெயர் வேண்டாம், செல்லூர், மதுரை)

பதில்: அம்மா, இந்தப் பதிலை எழுதுகிறவனின் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். ‘கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே’ என்ற பழமொழியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன். என் அப்பாவும் என்னை வீட்டு வேப்பமரத்தில் இரண்டு வருஷம் தொங்கவிட்டார். கிளைதான் கொஞ்சம் தாழ்ந்தது. அதனால் உங்கள் கடிதத்தை அக்கறையோடு இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேட்டதற்கான பதில் பெரும்பாலும் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. அதையெல்லாம் நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் வேடிக்கை.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். குழந்தை மருத்துவர்கள் போடும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சராசரியாக 13 செ.மீ. வித்தியாசம். அதனால் பையன் என்றால் தாயின் உயரத்தோடு 13-ஐக் கூட்டி, அதற்கும் தகப்பன் உயரத்துக்கும் நடுவில் வருவதை எடுத்துக்கொள்வார்கள். உங்களுடையது 155, 13 கூட்டினால் 168. வீட்டுக்காரரும் 168. ஆக உங்கள் மகனுக்கு வருவது 168, ஏறக்குறைய ஐந்தடி ஆறு. இதிலிருந்து எட்டு செ.மீ. கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். 160-க்கும் 176-க்கும் நடுவில் எங்கேயோ நிற்பான். இதைவிடத் துல்லியமாகச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால், அவர் கையில் டின் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பள்ளி அட்டை. 13-லிருந்து 14-க்கு 5 செ.மீ., 14-லிருந்து 15-க்கு 6. வயதுக்கு வருவதற்கு முன்னால் பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்து, ஆறு செ.மீ.தான் வளர்வார்கள். வயதுக்கு வரும்போது பையன்களுக்கு ஒரு பாய்ச்சல் வரும். அதன் உச்சத்தில் ஒரே வருஷத்தில் எட்டிலிருந்து பத்து செ.மீ. கூட ஏறிவிடும். உங்கள் பையன் கணக்கில் அப்படி ஒரு வருஷம் இன்னும் வரவே இல்லை. அக்கா மகனுக்கு அது வந்து போயிருக்க வேண்டும்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், மகரக்கட்டை வைத்துத்தான். நீங்கள் கண் கலங்கி எழுதிய அந்த வரிதான் கடிதத்திலேயே நல்ல செய்தி. குரல் உடைவது இந்தப் பாய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதோ அதை ஒட்டியோதான் நடக்கும். மீசை அதற்கும் பிந்தி. எலும்பின் முனையில் குருத்தெலும்பாலான ஒரு தகடு இருக்கிறது, எலும்பு நீள்வது அங்கேதான். வயதுக்கு வரும்போது சுரக்கிற ஹார்மோன்தான் முதலில் அந்தத் தகட்டை விரட்டி வேலை வாங்குகிறது, கடைசியில் அதை மூடுவதும் அதே ஹார்மோன்தான். அக்கா மகனுக்கு அது முந்திச் சுரந்தது. இன்னும் கொஞ்சம் வளர்வான், அப்புறம் நின்றுவிடுவான். உங்கள் மகனுக்குத் தகடு இன்னும் திறந்தே இருக்கும். போனில் ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறவர்களை இன்னும் கொஞ்ச நாள் மன்னித்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் நழுவுகிறார் என்கிறீர்கள். நழுவவில்லை, அவர் சொன்னது சாட்சி. தாமதமாக வயதுக்கு வருவது குடும்ப வழியில் வரும். காலேஜில் வளர்ந்த அப்பாவுக்குப் பத்தாவதில் கட்டையாக இருக்கிற மகன் பிறப்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். 14 வயது முடிந்தும் உடம்பில் பருவத்தின் அடையாளம் எதுவுமே தெரியவில்லை என்றால் ஒருமுறை டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்கே போகலாம். பள்ளி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தேவைப்பட்டால் இடது கையை எக்ஸ்ரே எடுப்பார்கள். விரல் எலும்புகளின் முனையிலும் மணிக்கட்டிலும் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் அது திறந்திருக்கிற தகடு. அதை வைத்து எலும்புக்கு என்ன வயது என்று சொல்வார்கள். பள்ளிச் சான்றிதழில் 15 இருக்கும், எலும்பில் 13 இருக்கலாம்.

சரி, பவுடருக்கு வருகிறேன். 2,400 ரூபாய்க்கு எத்தனை முட்டை, எத்தனை லிட்டர் பால், எவ்வளவு கடலை, கேழ்வரகு என்று நீங்களே கணக்குப் போடுங்கள், செல்லூர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பசியில் வாடுகிற பிள்ளைக்குச் சாப்பாடு உயரத்தைக் கொடுக்கும். வயிறார உண்கிற பிள்ளையின் எலும்பை எந்த டின்னும் இழுத்து நீட்டாது. கம்பியும் அப்படித்தான். தொங்கினால் தோளுக்கு நல்லது. முதுகெலும்பின் நடுவில் இருக்கிற மெத்தைகள் கொஞ்சம் விரியும், மத்தியானத்துக்குள் அமுங்கிவிடும். நாம் எல்லோருமே காலையில் ஒரு செ.மீ. உயரம், சாயங்காலம் ஒரு செ.மீ. கட்டை. போலீஸ் தேர்வுக்குப் போகிற பையன்கள் சிலர் அளக்கிற நேரம் வரைக்கும் வேனில் படுத்தே போவது இதற்காகத்தான். ஜிம்மில் யாராவது ‘ஊசி போட்டால் வளரும்’ என்றால் மட்டும் பிடித்து வெளியே தள்ளுங்கள். அந்த ஸ்டீராய்டு ஊசி தகட்டைச் சீக்கிரம் மூடிவிடும். உள்ளதும் போச்சு.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். இந்த வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 11 மணிக்குப் படுக்கிறவனை உயரம் வளர்க்கவென்று 5 மணிக்கு எழுப்புகிறீர்களே, அம்மா! தூக்கம் கூடினால் அக்கா மகனை எட்டிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கம்பியிடமிருந்து பிடுங்கித் தலையணையிடம் கொடுப்பதில் செலவு ஒன்றும் இல்லை.

போலீஸ் விஷயம் சுருக்கமாக. தமிழ்நாடு காவல்துறையில் ஆண்களுக்குக் குறைந்தது 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. ராணுவத்தில் நம் பக்கத்துப் பையன்களுக்கு 166 இருந்தாலே சிப்பாய் வேலைக்கு நிற்கலாம். எட்டுவானா என்று 18 வயதில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், அவனுக்குப் போலீஸ் ஆக ஆசையா என்று கேட்டீர்களா? அழுதது நீங்கள், ஆசைப்பட்டது அப்பா. அண்ணனோடு முதுகு ஒட்டி நின்றபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அவன் அழகரைப் பார்க்க வந்தானா, இல்லை தலைவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டானா?

இனி அளந்தே ஆக வேண்டும் என்றால் சுவரோடு நிறுத்தி அளங்கள், அண்ணனோடு வேண்டாம். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் பட, தலைமேல் ஸ்கேலைச் சமமாக வைத்துப் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் தேதி. எப்போதும் காலையில், ஆறு மாசத்துக்கு ஒருமுறை. ஜூனில் பிளஸ் ஒன் யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது பேன்ட் கால் மடிப்பில் மூன்று அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். ‘இவ்வளவு எதுக்கு?’ என்று டெய்லர் முணுமுணுப்பார், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.