வெள்ளம் வந்தால் வீட்டு இன்சூரன்ஸ் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது?

பல வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக வெள்ளம் புகுந்த வீடுகளைப் பார்த்து மதிப்புப் போட்டவன் நான். மழைக்காலம் நெருங்குவதால் வந்து குவிந்த கேள்விகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொல்கிறேன்.

முடிச்சூரிலிருந்து: சார், ஐப்பசி பிறந்தாலே எங்க தெருவுல தண்ணி. வெள்ளத்துக்குன்னு தனி பாலிசி இருக்கா?

தனியாகத் தேட வேண்டாம். 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டு பாலிசியை, இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் அதில் உண்டு.

பழைய பாலிசி வைத்திருப்பவர்கள்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துத் தீ பாலிசியில் புயல், வெள்ளப் பகுதியை நீக்கிவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருந்தது. நீண்ட காலத்துக்கு எடுத்த பாலிசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் தெருவில் ஏற்கெனவே தண்ணீர் வந்ததா என்று விண்ணப்பத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அதுவே வினையாகும்.

வேளச்சேரியிலிருந்து: எங்க வீடு 90 லட்சம் போகும். 90 லட்சத்துக்கே எடுத்துடலாமா?

வேண்டாம். அந்த 90 லட்சத்தில் பெரும்பங்கு மனை விலை. வெள்ளம் வடிந்த பிறகும் மனை அங்கேயேதான் இருக்கும், அதற்கு யாரும் காசு தர மாட்டார்கள். கார்ப்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள் புழங்கும் தரைப்பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 1,000 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம். காம்பவுண்டு சுவர், கேட், செப்டிக் டேங்க், மாடியில் போட்ட சோலார் தகடு எல்லாம் கட்டடக் கணக்கில்தான் வரும். அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. நம் ஊர் வெள்ளத்தில் கான்கிரீட் வீடு இடிந்து விழுவது அபூர்வம். இடுப்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகும். சுவர் நிற்கும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், மெத்தை, பிளைவுட் அலமாரி எதுவும் தேறாது. அலமாரியின் அடிப்பலகை ஊதிப் பெருத்து, கதவு மூடாமல் நிற்கும். நான் போட்ட மதிப்பீடுகளில் அடிக்கடி வந்த வரி இதுதான். ஆகவே பாலிசியைக் கையில் வாங்கியதும் முதலில் வீட்டுப் பொருள்களுக்கு என்ன தொகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டடத்தோடு சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும். உச்சவரம்பு 10 லட்சம். மேலே சொன்ன 25 லட்சம் வீட்டுக்கு 5 லட்சம் வரும். போதாது என்று தோன்றினால் பட்டியல் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஏற்றிக்கொள்வதுதான் நல்லது.

பாளையங்கோட்டையிலிருந்து: 2023 டிசம்பர் வெள்ளத்துல பீரோவுக்குள்ள இருந்த பணமும் வீட்டுப் பத்திரமும் நனைஞ்சு போச்சு. நகையும் கொஞ்சம் காணோம். இதெல்லாம் கிடைக்குமா அண்ணா?

பணம் கிடைக்காதும்மா. பத்திரம், காசோலை, எந்த ஆவணமானாலும் கிடையாது. நகைக்கு வழி உண்டு, ஆனால் விலையுயர்ந்த பொருள் என்று தனியாகச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். அப்போதுகூட, எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தொலைந்ததற்குக் கிடைக்காது.

திருட்டு என்றால் கணக்கு வேறு. வெள்ளத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போன சமயத்தில் யாராவது புகுந்து எடுத்திருந்தால், அது வெள்ளத்தால் நேர்ந்ததாகவும் 7 நாளுக்குள் நடந்ததாகவும் இருந்தால் பாலிசியில் வரும். போலீஸ் புகார் அவசியம்.

மேற்கு தாம்பரத்திலிருந்து: போர்ட்டிகோவுல நின்ன கார் மூழ்கிடுச்சு. வீட்டு பாலிசியில கேட்கலாமா?

கேட்க முடியாது. வீட்டு எல்லைக்குள் நின்றாலும் வண்டிக்கு வண்டி பாலிசிதான். அதிலும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஒன்றும் வராது. உங்கள் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் வெள்ளச் சேதம் உண்டு. தண்ணீர் வடிந்ததும் “ஓடுதா பார்ப்போம்” என்று சாவியைத் திருப்பிவிடாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அப்படியே டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

கடலூரிலிருந்து: மழை பெய்தா மாடிச் சுவர் ஓதம் காக்குது, பெயிண்ட் உரியுது. இது வெள்ளச் சேதமா?

இல்லை. அது பராமரிப்புக் குறை. நாள்பட ஊறிய ஈரத்துக்கு எந்த பாலிசியும் வராது. மேல்நிலைத் தொட்டியோ குழாயோ உடைந்து தண்ணீர் கொட்டியிருந்தால் அது தனி ஆபத்தாக பாலிசியிலேயே உண்டு.

ஹோம் லோன் எடுத்தப்போ பேங்க்ல ஏதோ இன்சூரன்ஸ் பிடிச்சாங்க. அது போதாதா?

முதலில் அது எந்த இன்சூரன்ஸ் என்று பாருங்கள். நிறையப் பேரிடம் இருப்பது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்கான பாலிசியாகவே இருந்தாலும் பல நேரம் கட்டடத்துக்கு மட்டும் போட்டிருப்பார்கள். வங்கியின் பெயர் அதில் இருந்தால் கட்டடத்துக்கான பணம் வங்கிக்குத்தான் முதலில் போகும்.

நாங்க வாடகைக்கு இருக்கோம். ஓனர் பாலிசி எடுத்திருக்கார்.

அது அவருடைய கட்டடத்துக்கு. உங்கள் டி.வி., கட்டிலுக்கு நீங்கள்தான் எடுக்க வேண்டும். பொருள்களுக்கு மட்டும் என்று பாலிசி கிடைக்கும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களும் கவனிக்க: லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார் எல்லாம் பொதுச்சொத்து, சங்கம் எடுக்க வேண்டிய பாலிசி.

கிளெய்ம் எப்படிப் போடணும்? சேற்றை வெச்சுக்கிட்டு சர்வேயர் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

காத்திருக்க வேண்டாம். தகவல் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள், பிறகு கழுவுங்கள். சேதம் மேலும் பெருகாமல் பார்ப்பது உங்கள் கடமையும்கூட.

படம் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் சுவரில் தண்ணீர் நின்ற கோடு. பக்கத்தில் ஒரு அளவு டேப்பைப் பிடித்து எடுங்கள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் தேடுவது அதைத்தான். கோடு மூன்றடியில் இருந்து, நாலரை அடியில் மாட்டிய டி.வி. போய்விட்டது என்றால் கேள்வி வரும். அடுத்து ஒவ்வொரு மின்சாதனத்திலும் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல், சீரியல் எண் தகடு. நனைந்த எதையும் பிளக்கில் சொருகிப் பார்க்காதீர்கள். சர்வீஸ் சென்டர்காரரிடம் “பழுது பார்க்க முடியாது” என்றோ, இவ்வளவு செலவாகும் என்றோ எழுதி வாங்குங்கள். பில் இல்லையா? வங்கிக் கணக்கு, ஆன்லைன் ஆர்டர் விவரம், வீட்டு விசேஷத்தில் எடுத்த போட்டோவில் பின்னால் தெரியும் பிரிட்ஜ், எல்லாமே உதவும்.

பாழான சாமானைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சர்வேயர் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு போடலாம்.

வீடு குடியிருக்க முடியாத நிலையில் வெளியே வாடகைக்குப் போனால் அந்த வாடகைக்கும் பாலிசியில் இடம் உண்டு. வரம்பு எவ்வளவு என்று பாலிசியோடு வரும் அட்டவணையில் இருக்கும். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு நிவாரணம் வாங்கினா கிளெய்மைக் குறைப்பாங்களா?

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கொடுத்த 6,000 ரூபாய் மாதிரித் தொகைகள் நிவாரணம். எந்தப் பொருளுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்ததல்ல. நான் பார்த்தவரை யாரும் கழித்ததில்லை.

தூத்துக்குடியிலிருந்து: பாதிப் பணம்தான் கொடுத்தாங்க. கேட்டா பதிலே இல்லை. கோர்ட்டுக்குப் போகணுமா?

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்று சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். 50 லட்சம் வரையிலான வழக்கைப் பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். உங்கள் மறுப்புக் கடிதத்தில் இருக்கும் தேதியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.