அந்த 12 லட்சம் கடனை வாங்காதீர்கள்

ஆலங்காயத்திலிருந்து ஒரு அப்பா, பிளஸ் டூ முடித்த மகளோடு வந்திருந்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசியாகிவிட்டது. 12 லட்சம் கடன். "சொந்தக்காரங்க எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க" என்றார். பெண் கேட்பதோ பி.எஸ்சி. இயற்பியல்.

ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். தொகையைக் கேட்டதும் நிறுத்திவிட்டேன். 11 சதவீத வட்டியில் ஏழு வருடம் கட்டினால் மாதத் தவணை 20,000 ரூபாயைத் தாண்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். யோசனை சொன்ன சொந்தக்காரர் யாரும் ஒரு மாதத் தவணைகூடக் கட்டப்போவதில்லை.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். டி.டபிள்யூ. ஹைட்ரே என்ற நட்சத்திரத்தின் புற ஊதா நிறமாலையைப் பென்சிலால் வரைந்திருந்தாள். 1550 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) பக்கத்தில் ஓங்கிய ஒரு முகடு. அதைச் சுற்றிச் சிவப்பு மை வட்டம். அந்த நட்சத்திரத்துக்கு வயது ஏறக்குறைய ஒரு கோடி வருடம். 460 கோடி வயதான நம் சூரியனோடு பார்த்தால் கைக்குழந்தை. அதன் மேற்பரப்பு சுமார் 4,000 டிகிரிதான். அந்தச் சூட்டில் இவ்வளவு புற ஊதா ஒளி வராது. அப்படியென்றால் எங்கிருந்து வருகிறது? சுற்றியுள்ள வாயுத் தட்டிலிருந்து காந்தப்புலம் இழுத்துவரும் வாயு, நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் நட்சத்திரத்தின் மேல் விழுகிறது. மோதிய இடம் லட்சம் டிகிரி அளவுக்குக் கொதிக்க, மூன்று எலெக்ட்ரானை இழந்த கார்பன் அங்கே ஒளிர்கிறது. குழந்தை நட்சத்திரம் இன்னும் எவ்வளவு வாயுவை விழுங்குகிறது என்பதை அந்த முகட்டை அளந்து கணக்கிடுகிறார்கள். கோள்கள் உருவாவதும் அதே தட்டில்தான். இதையெல்லாம் அந்தப் பெண் எனக்குச் சொன்னாள். அப்பா முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த ஒளியைத் தடுத்துவிடுவதால், அவர்கள் ஊருக்குப் பக்கத்துக் காவலூர் தொலைநோக்கிக்கு இது எட்டாது. விண்வெளிக்குத்தான் போக வேண்டும். இளம் நட்சத்திரங்களுக்காகவே ஹப்பிள் தொலைநோக்கி 'யுலிசஸ்' திட்டத்தில், பூமியைச் சுமார் 1,000 முறை சுற்றும் நேரத்தை ஒதுக்கியது. அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலும் புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறது. அதை உருவாக்குவதில் முன்னின்றது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம். காவலூரை நடத்துவதும் அவர்கள்தான்.

அவளுக்கான வழி இதுதான்: அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., பிறகு ஜெஸ்ட் அல்லது நெட் தேர்வு எழுதி பிஎச்.டி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆராய்ச்சியில் சேர்ந்ததும் உதவித்தொகை மாதம் 37,000. வழி நீளம்தான், பத்து வருடம் ஆகும். பேராசிரியர் பணியிடங்களும் குறைவு. அதை அவளிடமும் மறைக்கவில்லை. பைத்தானில் தரவை அலசப் பழகிவிடுவாள், அந்தத் திறமைக்கு வெளியிலும் வேலை உண்டு.

"அதுவரைக்கும் கல்யாணம்?" என்றார் அப்பா. அதை அவளிடம் கேளுங்கள் என்றேன்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை வங்கிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். போகாதீர்கள் சார். அன்றைக்கே மகளோடு உட்கார்ந்து, அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள்.