ஓட்டில் உள்ள ஆண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாரு (தாத்தா) காலத்து, நடுவே தொட்டி என்னும் திறந்த முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு ஒன்று இருக்கிறது. பங்கு பிரித்தாயிற்று, வைகாசிக்குள் இடித்துவிட வேண்டும் என்கிறார் பெரியப்பா. கூரையிலிருந்து இறக்கிய ஓட்டில் ‘பாசல் மிஷன், 1865’ என்று இருக்கிறது. அப்படியானால் வீட்டுக்கு வயது 160தானே?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

1865 உங்கள் வீட்டின் ஆண்டு அல்ல, அந்த ஓட்டைச் சுட்ட ஆண்டும் அல்ல. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பின்னால் வந்த ஓடுகளிலும் அதையே பதித்தார்கள். முதல் உலகப் போரையொட்டி அந்தத் தொழில்களைப் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் போயின. ஆகவே ஓடு அந்த அரை நூற்றாண்டுக்குள் சுட்டது, அவ்வளவுதான்.

சுவர் அதைவிட மூத்ததாக இருக்கலாம். ஏணி வைத்து, கூரையைத் தாங்கும் கைமரங்களைப் பாருங்கள். இந்த மங்களூர் ஓடு போன்ற சீமை ஓட்டுக்கு ஏறக்குறைய ஓரடிக்கு ஒரு ரீப்பர் (குறுக்குச் சட்டம்) போதும். சிறிய நாட்டு ஓட்டுக்கு வரிச்சுக் குச்சிகளை நெருக்கி அடிக்க வேண்டும். பனங்கையின் (பனைக் கைமரத்தின்) மேல்முகத்தில் நெருக்கமாகப் பழைய ஆணித் துளைகளோ கயிறு அறுத்த தடமோ தெரிந்தால், உங்கள் வீடு ஒருமுறை கூரை மாற்றியிருக்கிறது.

வயதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கொங்குக் குடியானவர்களில் பலர் ஊருக்குள் இல்லாமல் தோட்டத்திலேயே சாளை என்னும் குடில் போட்டுக் குடியிருந்தவர்கள். அதனால் மாடு கட்டும் கட்டுத்தரை, களம், கிணறு, கிளுவை வேலிக்கு அப்பால் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கிடக்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. ஆசாரம் என்னும் கூடத்தில் படுத்திருப்பவருக்குக் கட்டுத்தரையில் மாடு அசைபோடுவது கேட்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் திண்ணையும் வாசலும் அமைந்தன. தொட்டியும் அப்படியே. என் அம்மாயி (அம்மாவின் அம்மா), இரண்டு தாழ்வாரங்கள் கூடும் மூலையில் அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடிப்பார். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது. அண்டாத் தண்ணீரில் ஒரே கொதியில் மலர்ந்துவிடும்.

இடிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அளந்து வரையாமல் ஒரு கல்லையும் எடுக்க விடாதீர்கள். எந்த அறையை ஆத்தா என்ன சொல்லி அழைத்தார் என்று பெரியப்பாவிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குத்தான் தெரியும். நிலைக்கதவை வியாபாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். சித்திரையில் நான் ஈரோடு வருகிறேன். வழி எழுதுங்கள், அளவு நாடாவோடு ஒருநாள் வந்து உடன் நிற்கிறேன்.