கொள்ளை போவது யார் வீட்டு நகை?

கேள்வி: வங்கிக் கொள்ளைப் படம் ஒன்றுக்குக் கதை எழுதி வைத்திருக்கிறேன். ராமேஸ்வரத்தில் ஒரு வங்கி. கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துவதுபோல் நடித்து, கூரையைத் துளைத்து மேலே போய், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு விசைப்படகில் தப்புகிறார்கள். 'நஷ்டம் வங்கிக்குத்தானே, மக்களுக்கு இல்லையே' என்று நாயகன் சொல்வதுதான் படத்தின் உயிர். கதை கேட்டவர்கள் யாரும் பிடிகொடுக்கவில்லை. ஏன்?
(வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: கூரையைத் துளைக்கிற யோசனை ஏற்கெனவே நடந்துவிட்டது. 2007 டிசம்பர் கடைசியில் கேரளத்தின் சேலேம்பிராவில் ஒரு கும்பல் அப்படியே செய்தது. ஹோட்டல் வைக்கப்போவதாகக் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து, மேலே இருந்த கிராம வங்கிக்குள் ஏறி, சுமார் 80 கிலோ தங்கத்தை எடுத்துப் போனார்கள். ஓர் இந்திப் படத்தைப் பார்த்துத்தான் அவர்களுக்கு அந்த எண்ணமே வந்தது என்றது போலீஸ். படத்தைப் பார்த்துக் கொள்ளை, கொள்ளையைப் பார்த்துப் படம். போகட்டும். இரண்டே மாதத்தில் பிடிபட்டார்கள்.

அடுத்து, படகு. தங்கச்சிமடத்துக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே! மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் இல்லாமல் விசைப்படகு கிளம்புமா? வாரத்தில் மூன்று நாள்தானே கடலுக்குப் போகிறது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு. அந்த நாளில் ஒரு விசைப்படகு அசைந்தால், அது யார் படகு என்று கரையில் விளையாடுகிற பொடியன்கூடச் சொல்லிவிடுவான். 2023-இல் மன்னார் வளைகுடாவில் தங்கம் கடத்தி வந்தவர்கள், துரத்துகிறார்கள் என்று தெரிந்ததும் பொட்டலத்தைக் கடலில் வீசினார்கள். கடலோரக் காவல் படையின் முக்குளிப்பவர்கள் இறங்கி அதை எடுத்துவிட்டார்கள். கடலை நன்றாகத் தெரிந்தவர்கள் கதியே அது. உங்கள் நாயகன் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினீயராக இருப்பான் என்று நினைக்கிறேன். வழக்கமாக அப்படித்தான் இருக்கும்.

இதெல்லாம் திருத்தக்கூடிய ஓட்டைகள். திருத்த முடியாதது அந்த வசனம்.

பெருநகரத்து வங்கியைக் கொள்ளையடிக்கும் படத்தில் அந்த வசனம் எடுபடும். அங்கே பெட்டகத்தில் இருப்பது முகமில்லாத பணம். கும்பல் ஆள் சேர்ப்பதிலிருந்து நாமும் கூடவே இருக்கிறோம், வரைபடத்தைப் பார்க்கிறோம், மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதறுகிறோம். பணம் யாருடையது என்று கேட்க நேரமே தராமல் இயக்குநர் நம்மைக் கடத்திப்போய்விடுவார்.

நம் கரையோரத்து வங்கிக்குள் தடைக்காலத்தில் போய்ப் பாருங்கள். பணம் போடுகிற கவுன்ட்டர் காலியாக இருக்கும். கூட்டம் நகைக்கடன் பக்கம். மதிப்பீட்டாளர் உரைகல்லை வைத்துக்கொண்டு உரசிக்கொண்டிருப்பார். கடலுக்குப் போகாத இரண்டு மாதம் அரிசி வாங்க வேண்டும், படகைப் பழுது பார்க்க வேண்டும், வலை எடுக்க வேண்டும், ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. தாலிக்கொடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் உள்ளே போகும். சில வீட்டில் அதுவும் போய், கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருக்கும். உங்கள் ஆட்கள் மூட்டை கட்டுவது இதைத்தான்.

நஷ்டஈடு கிடைக்குமே என்பீர்கள். அடகு நகைக்குப் பணம் வரலாம். மாமியார் போட்ட அதே சங்கிலி வராது. லாக்கர் என்றால் இன்னும் மோசம். 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கொள்ளை போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் இரண்டு லட்சம். இன்றைய விலையில் அதற்கு மூன்று பவுன்கூட வராது.

கதை கேட்டவர்கள் பிடிகொடுக்காததற்கு அவர்கள் என்ன காரணம் சொன்னார்களோ தெரியாது. அவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்து ஆளாக இருந்திருந்தால், அந்த வசனம் வந்ததுமே எழுந்திருப்பார்.

கதையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கும்பலுக்கு உள்ளூரில் வழிகாட்ட ஒருவன் வேண்டும் அல்லவா? அவனுடைய அக்கா நகையும் அதே பெட்டகத்தில் இருக்கட்டும். கூரையைத் துளைத்து முடித்த ராத்திரியில்தான் அது அவனுக்குத் தெரிய வேண்டும். அங்கிருந்து எழுதுங்கள். நாயகன் அவன்தான், இன்ஜினீயர் இல்லை.