சிவில் முடித்த கையோடு கட்டுமான மேலாண்மையா? ஒரு பெற்றோரின் கேள்விக்குப் பதில்

சிவில் கடைசி வருடம் படிக்கும் மகள், முடித்தவுடன் கட்டுமானத் திட்ட மேலாண்மையில் முதுகலை சேர வேண்டும் என்கிறார். சேர்ப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் ஒரு வருடமாவது, முடிந்தால் இரண்டு வருடம், சைட்டில் நின்றுவிட்டு அதற்குப் போகட்டும் என்பதே என் பதில். காரணம் நீளமானது, பொறுமையாகப் படியுங்கள். மகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் படிப்பு அளவு, காலம், பணம், ஒப்பந்தம் என்ற நான்கைச் சுற்றித்தான் ஓடுகிறது. தரமும் பாதுகாப்பும் இந்த நான்கிலும் ஊடாக வரும். வகுப்பில் இவை தனித்தனிப் பாடங்கள். சைட்டில் ஒரே காலையில் நான்கும் சேர்ந்து வந்து நிற்கும். அதை நேரில் பார்த்தவருக்குத்தான் வகுப்பில் சொல்வது மண்டையில் ஏறும்.

10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தளம் என்று வையுங்கள். 10 × 8 × 0.15 = 12 கன மீட்டர் காங்கிரீட். ஒரு மிக்சர் லாரி 6 கன மீட்டர் கொண்டுவந்தால் இரண்டு லாரி போதும். பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண். சைட்டில் சென்ட்ரிங், அதாவது காங்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை, ஓரிடத்தில் கொஞ்சம் தொய்ந்திருக்கும், பம்ப் குழாயில் கொஞ்சம் தங்கும், கொஞ்சம் சிந்தும். 12 போதாது, 12.5 ஆகும். அந்த அரை கன மீட்டர் குறைவது தெரிந்த பிறகு மூன்றாவது லாரியைக் கூப்பிட்டால் அது வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகலாம். அதற்குள் ஊற்றிய காங்கிரீட்டின் விளிம்பு இறுகத் தொடங்கிவிடும். புதிதாக ஊற்றுவது அதோடு ஒன்றாகச் சேராது, இடையில் ஒரு கோடு விழும். கோல்ட் ஜாயின்ட் என்பார்கள். பின்னாளில் மொட்டைமாடியில் தண்ணீர் கசிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். விவரம் தெரிந்தவர் இரண்டாவது லாரி பாதி இறங்கும்போதே ஊற்ற மீதமிருக்கும் பரப்பை டேப் வைத்து அளந்து, கனத்தால் பெருக்கி, பிளான்ட்டுக்குப் போன் போட்டுவிடுவார். அளவு, நேரம், பணம், பின்னாளில் கசிவுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு எல்லாம் அந்த ஒரு போனில் அடங்கியிருக்கிறது.

அடுத்தது காலம். எந்த வேலைத் தொடர் தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்கும் என்று காட்டும் கிரிட்டிக்கல் பாத் முறை 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்துக்காக மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கியது. கட்டுமான அட்டவணைக்கு இன்றும் அதுதான் அடிப்படை. சூத்திரம் சுலபம். எதை எதோடு இணைப்பது என்பதில்தான் தடுமாற்றம். லிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். வரைபட ஒப்புதலுக்கு 14 நாள், தயாரிக்க 90 நாள், கொண்டுவர 30 நாள். ஆக, ஆர்டர் கொடுத்த 134-ஆம் நாள் பெட்டிகள் சைட்டில் இருக்கும். லிஃப்ட் குழியின் சுவர்கள் மேலே வரை எழும்ப 150 நாள், பொருத்துவதற்கு 40 நாள். மொத்தம் 190 நாள். லிஃப்ட் ஆர்டருக்கு 16 நாள் ஃப்ளோட், அதாவது முடிவுத் தேதியைத் தள்ளாமல் தாமதிக்கக்கூடிய இடைவெளி, இருக்கிறது. இப்போது அந்த ஆர்டர் யாரோ ஒருவர் மேஜையில் கையெழுத்தாகாமல் 30 நாள் கிடக்கிறது. பெட்டிகள் 164-ஆம் நாள்தான் வரும், வேலை 204-ஆம் நாள்தான் முடியும். சைட்டில் ஒரு மேஸ்திரியும் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை, ஆனாலும் கட்டடம் 14 நாள் தள்ளிப்போகிறது. புதியவர்கள் போடும் அட்டவணையில் மண் வெட்டுவது, கம்பி கட்டுவது, காங்கிரீட் போடுவது எல்லாம் இருக்கும். ஒப்புதல், ஆர்டர், தயாரிப்பு என்ற வரிகள் இருக்காது. பல தாமதங்கள் பிறப்பது அங்கேதான்.

இன்னொரு தவறும் சகஜம். வேலைகளைத் தர்க்கப்படி இணைக்காமல், "இந்தத் தேதிக்குள் முடியவேண்டும்" என்று மென்பொருளில் தேதியைப் பூட்டிவிடுவது. திரையில் அட்டவணை அழகாகத் தெரியும். முன்னால் ஒரு வேலை பத்து நாள் தாமதமானாலும் பின்னால் உள்ளது நகராது, எச்சரிக்கையும் வராது. 90 நாள் நீளத்துக்கு ஒரே பட்டையாக "பூச்சு வேலை" என்று போடுவதும் இந்த ரகம்தான். மாதம் ஒருமுறை முன்னேற்றம் பார்க்கிறோம் என்றால் எந்த வரியும் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது. அப்போதுதான் அந்த வரி முடிந்ததா இல்லையா என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

பணக் கணக்கில் அவர் கற்க வேண்டியது ஈட்டிய மதிப்பு என்ற ஒன்று. பட்ஜெட் 100 என்று வையுங்கள். இன்றைக்குள் 40-க்கான வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 32-க்குத்தான். செலவு 38. கணக்குப் பிரிவு "40 திட்டமிட்டோம், 38 தான் செலவு, 2 மிச்சம்" என்று சந்தோஷப்படும். உண்மையில் 32 மதிப்புள்ள வேலைக்கு 38 கொடுத்திருக்கிறோம். 32-ஐ 38-ஆல் வகுத்தால் 0.84, இதே போக்கில் போனால் கடைசியில் செலவு 119 அளவுக்கு வந்து நிற்கும். 32-ஐ 40-ஆல் வகுத்தால் 0.80, அதாவது காலத்திலும் பின்தங்கியிருக்கிறோம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த 32 எப்படி வந்தது? சூப்பர்வைசர் "90 சதவீதம் முடிஞ்சிருச்சு சார்" என்று வாயால் சொன்னதா, சதுர மீட்டரில் அளந்ததா? வாயால் சொன்ன 90 அடுத்த மாதமும் 90-ஆகவே இருக்கும். சைட்டில் அளந்து பில் போட்டவருக்கு இந்தச் சந்தேகம் தானாக வரும். நேராக வகுப்புக்குப் போனவர் கொடுத்த எண்ணை அப்படியே எக்செல்லில் தட்டிவிடுவார்.

லாபம் வேறு, கையில் பணம் வேறு என்பதையும் சைட்டில் நின்றால்தான் உணரமுடியும். பன்னாட்டு ஒப்பந்தங்களில் பரவலாகப் பயன்படும் ஃபிடிக் (பொறியியல் ஆலோசகர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு) படிவத்தின் 1999 பதிப்பில், கான்ட்ராக்டரின் பில் கிளையன்ட் தரப்பு இன்ஜினியரின் கைக்கு வந்ததிலிருந்து 56 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மாதம் முழுக்க வேலை செய்து 30-ஆம் நாள் பில் கொடுத்தால், 1-ஆம் தேதி செய்த வேலைக்குப் பணம் 86-ஆம் நாள் வரலாம். அதிலும் ரிடென்ஷன் என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். கூலி மட்டும் வாராவாரம் போய்க்கொண்டே இருக்கும். கணக்கேட்டில் லாபத்தில் ஓடும் கான்ட்ராக்டர் நடுவழியில் நிற்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஒப்பந்த வகுப்பில்தான் பிள்ளைகள் தூங்குவார்கள். என் கணிப்பில், பின்னாளில் மேலாளராக உயர்பவரையும் இன்ஜினியராகவே நின்றுவிடுபவரையும் பிரிப்பது அந்தப் பாடம்தான். அதே ஃபிடிக் படிவத்தின் பிரிவு 20.1-ஐப் பாருங்கள். கூடுதல் நாளோ பணமோ கேட்க வேண்டுமானால், காரணம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் கான்ட்ராக்டர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். கிளையன்ட் வரைபடத்தை மூன்று வாரம் தாமதமாகக் கொடுத்தார், கிரேன் சும்மா நின்றது, எல்லாம் உண்மை. ஆனால் கடிதம் 40-ஆம் நாள் போனது. நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தும் கை நீட்ட முடியாது.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் மகள் பழகிக்கொள்ளட்டும். எந்த வரைபடம், எண் என்ன, எந்தத் தேதியில் வரவேண்டியது, எப்போது வந்தது, அதனால் அட்டவணையில் எந்த வரி நின்றது, எத்தனை ஆளும் எந்த இயந்திரமும் எத்தனை நாள் சும்மா இருந்தன, எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறோம். ஒரு பக்கம் போதும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அதேபோல வாய்மொழி உத்தரவு. கிளையன்ட் தரப்பில் ஒருவர் நடந்துகொண்டே "அந்தச் சுவரை ரெண்டடி தள்ளிக் கட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று மாலைக்குள் "இன்று காலை தாங்கள் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போகவேண்டும். போகாவிட்டால் பில்லில் அந்தச் சுவர் இருக்காது.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரைமவெரா, எம்.எஸ். ப்ராஜெக்ட் இரண்டில் ஒன்றை இயக்கச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். எக்செல் நன்றாக வரவேண்டும், வரைபடம் படிக்க வரவேண்டும். பிம் எனப்படும் கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாடலைத் திறந்து குழாயும் உத்தரமும் எங்கே மோதுகின்றன என்று பார்க்கத் தெரிந்தால் கூடுதல் பலம். இந்த மென்பொருள்களின் சான்றிதழ்களுக்காக மட்டும் ஒரு படிப்பில் சேராதீர்கள்.

அந்த ஒரு வருடத்தில் என்ன செய்யலாம்? தினமும் சைட் டைரி எழுதட்டும். வானிலை, ஆள் எண்ணிக்கை தொழில்வாரியாக, வந்த பொருள், நின்ற வேலை, நின்ற காரணம் என்று ஐந்தாறு வரி போதும். வரைபடத்திலிருந்து ஒரு முழுத் தளத்தின் அளவுகளைத் தானே எடுத்து, கம்பெனியின் பி.ஓ.க்யூ என்ற வேலை அளவுப் பட்டியலோடு ஒப்பிடட்டும், வித்தியாசம் எங்கே வருகிறது என்று தேடுவதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். கம்பி எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 16 மில்லிமீட்டர் 1.58 கிலோ. லாரியில் வந்த எடைக்கும் கட்டிய கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மாதக் கடைசியில் எழுதி வைத்தால் வேஸ்டேஜ் என்ற சொல்லுக்கு உயிர் வரும். கையோடு அறுபது எழுபது வரிகளில் ஒரு சின்னக் கட்டடத்துக்கு அட்டவணை போட்டு, சைட்டில் நடப்பதோடு வாராவாரம் ஒப்பிடலாம். முதுகலை நேர்காணலில் இந்த டைரியும் அட்டவணையும் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

பிறகு கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு நான்கைந்து கேள்வி கேளுங்கள். ஒப்பந்தப் பாடத்தை நடத்துபவர் நிஜமான கிளெய்ம்களை, அதாவது கூடுதல் நாளோ பணமோ கேட்கும் கோரிக்கைகளை, கையாண்டவரா? மாணவர்கள் முழுத் திட்டம் ஒன்றுக்கு எஸ்டிமேட் தயாரிக்கிறார்களா, இல்லை ஒரு அறைக்கு மட்டுமா? இன்டர்ன்ஷிப் எத்தனை மாதம், அதில் மாணவருக்குக் கொடுக்கும் வேலை என்ன? போன வருடத்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒன்றைக் காட்ட முடியுமா? காட்டத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பட்டம் செல்லுபடியாகும் நாடு எது, அவர் வேலை பார்க்க நினைக்கும் நாட்டில் அதற்கு அங்கீகாரம் உண்டா என்பதையும் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பொது எம்.பி.ஏ. படிக்கலாமே என்ற யோசனையும் உங்கள் கடிதத்தில் இருந்தது. கட்டுமானத்தை விட்டு வேறு துறைக்குப் போகும் எண்ணம் இருந்தால் சரி. இந்தத் துறையிலேயே இருப்பதென்றால், நிறுவனத்தின் பல திட்டங்களுக்குப் பொறுப்பேற்கும் கட்டத்தில் அது உதவும், அதற்கு முன் இல்லை. திட்ட மேலாளர்களுக்கு அமெரிக்காவின் பி.எம்.ஐ. அமைப்பு தரும் பி.எம்.பி. சான்றிதழும் இப்போது வேண்டாம். பட்டதாரிகள் அதற்கு விண்ணப்பிக்கவே 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்டவேண்டும். இப்போதே ஏதாவது வேண்டும் என்று அவசரப்பட்டால் அதே அமைப்பின் கேப்பம் என்ற தொடக்கநிலைத் தேர்வு இருக்கிறது. அதற்கு அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும்.

சுபாவத்தையும் கொஞ்சம் பாருங்கள். இந்த வேலையில் காலை ஆறு மணிக்குப் போன் வரும், ஊர் மாற்றம் இருக்கும், தன்னைவிட இருபது வயது மூத்த மேஸ்திரியிடம் "கட்டியது தப்பு, பிரிங்க" என்று சொல்லவேண்டி வரும். அதைக் குரல் உயர்த்தாமல், ஆனால் பின்வாங்காமல் சொல்ல வருமா? வராது என்றாலும் கதவு மூடிவிடாது. பிளானிங், அளவெடுத்துச் செலவு கணக்கிடும் குவான்டிட்டி சர்வே, ஒப்பந்தப் பிரிவு என்று மேஜையை ஒட்டிய பாதைகள் இருக்கின்றன, அவற்றிலிருந்தும் மேலாளர் ஆனவர்கள் உண்டு. அந்தப் பாதைக்கும் முதல் வருடம் சைட் வேண்டும். அதனால் வேலைக்கான ஆஃபர் கடிதம் வரும்போது சம்பளத்துக்கு முன் போஸ்டிங்கைப் பாருங்கள். தலைமை அலுவலகத்தில் ரிப்போர்ட் தயாரிக்கும் வேலை என்றால், சேரும் முன்பே ஆறு மாதமாவது சைட்டில் போடும்படி எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.