டியூபுலரா, லித்தியமா? பழைய இன்வெர்ட்டருக்கு எது சரி?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு. 900 விஏ இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரி, ஐந்து வருடம் உழைத்துவிட்டது. இப்போது அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. கடைக்காரர், "விலை இரண்டு மடங்கு, ஆனால் லித்தியம் போட்டால் பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் இருக்காது. மற்றபடி எப்போதாவது பத்து, இருபது நிமிடம் போய்வரும். மூன்று ஃபேன், நான்கு எல்இடி பல்பு, ஒரு சின்ன டிவி ஓட வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: டியூபுலரையே வாங்குங்கள்.

லித்தியத்தின் பெரிய பலம், முழுக்க இறக்கி ஏற்றுவதை இரண்டாயிரம் தடவைக்கு மேல் தாங்கும் என்பது. உங்கள் வீட்டில் பேட்டரி அடிவரை இறங்குவது வருடத்துக்குப் பன்னிரண்டு முறைதான். பயன்படுத்தவே போகாத உழைப்புக்கு எதற்குக் காசு? தினமும் மூன்று, நான்கு மணி நேரம் கரண்ட் போகும் வீடு, சோலாரில் பகலில் ஏற்றி இரவில் எடுக்கும் வீடு என்றால் நானே லித்தியம் என்றுதான் சொல்வேன். அங்கே அது சீக்கிரம் ஏறும், ஏற்றும்போது வீணாகும் மின்சாரமும் குறைவு.

விலையை ஒப்பிடும்போது ஏஎச் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஈய பேட்டரியின் 150 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. உங்கள் லோடு சுமார் 300 வாட். அந்த வேகத்தில் எடுத்தால் அவ்வளவு வராது. அதிலும் அடிவரை இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியத்தில் பத்தில் ஒன்பது பங்கை எடுக்கலாம். ஆக 100 ஏஎச் லித்தியமும் 150 ஏஎச் டியூபுலரும் உங்களுக்குத் தருவது ஏறக்குறைய ஒரே மூன்று மணி நேரம்தான். கடைக்காரர் 150-க்கு 150 என்று விலை சொல்லியிருந்தால், தேவைக்கு மேல் விற்கப் பார்க்கிறார்.

அப்புறம், பழைய இன்வெர்ட்டர். அது ஈய பேட்டரிக்கென்று செய்தது. அது ஏற்றும் வோல்டேஜ் கூடினால், லித்தியத்துக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற கண்காணிப்புச் சர்க்யூட் பாதுகாப்புக்காகத் தொடர்பைத் துண்டித்துவிடும். லித்தியம் மோடு (லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜிங் அமைப்பு) இல்லாத இன்வெர்ட்டர் என்றால் அதையும் மாற்ற வேண்டிவரும். இந்தச் செலவைக் கடையில் பெரும்பாலும் முதலில் சொல்வதில்லை.

மாதாந்திர பவர்கட் அன்று இரண்டுமே நாள் முழுக்கத் தாங்காது. மிச்சமாகும் பணத்தில் மூன்று ஃபேனையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் ஃபேனாக மாற்றுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிறது என்றால் இது 30 வாட்டில் ஓடும். பேக்கப் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கரண்ட் பில்லும் குறையும்.

டியூபுலரைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். வெயில் படும் சுவரோரம் வேண்டாம். சூடு ஏற ஏற ஆயுள் குறையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் அளவைக் காட்டும் மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்; ஈயத்துக்கு நல்ல விலை உண்டு.